கழுத்து இரத்தக்குழாய் முழுக்க அடைந்த பிறகு மூளைக்கு இரத்தம் எப்படிப் போகிறது?

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 61. ஏற்காட்டில் நாகலூர் பக்கம் காபித் தோட்டத்தில் மேஸ்திரியாக இருக்கிறார். ஏழு வாரத்துக்கு முன்பு காலையில் டீ குடிக்கும்போது வலது கையிலிருந்து டம்ளர் நழுவி விழுந்தது, பேச்சும் குழறியது. கால் மணி நேரத்தில் சரியாகிவிட்டது. மறுநாளும் அதேபோல வந்தது. சேலத்துக்குக் கூட்டி வந்து ஸ்கேன் எடுத்தோம். மூளையின் இடது பக்கம் சின்னச் சின்னப் புள்ளிகள், கழுத்தில் இடது இரத்தக்குழாய் 100 சதவீதம் அடைப்பு, வலதில் 45 சதவீதம் என்றார்கள். ஆபரேஷன் வேண்டாம், மாத்திரை போதும் என்று அனுப்பிவிட்டார்கள். எங்கள் தெருவில் ஒருவருக்கு 80 சதவீதத்துக்கே ஆபரேஷன் செய்தார்கள். முழுக்க அடைத்தவருக்கு ஏன் செய்யவில்லை? அந்தப் பக்க மூளைக்கு இனி இரத்தம் எப்படிப் போகும்? எத்தனை நாளில் சரியாகும்? இப்போது அம்மாபேட்டையில் என் வீட்டில் இருக்கிறார். 168/96 இருந்த பி.பி. 106/68க்கு வந்துவிட்டது, நல்ல கட்டுப்பாடு என்று சந்தோஷப்பட்டோம். ஆனால் எழுந்தால் கிறுகிறுக்கிறது. போன வாரம் கட்டிலிலிருந்து எழுந்தபோது வலது கை இரண்டு நிமிடம் உதறியது. படுக்க வைத்ததும் நின்றுவிட்டது. மலைக்குத் திரும்பிப் போக வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறார். இஞ்சி, பூண்டு, எலுமிச்சைச் சாறு காய்ச்சிக் கொடுத்தால் அடைப்பு கரையும் என்கிறார்கள், கொடுக்கலாமா? மாத்திரைச் சீட்டை இணைத்திருக்கிறேன்.
வாசகி, அம்மாபேட்டை, சேலம்

பதில்: சகோதரி, நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கும் அந்தக் கை உதறலிலிருந்துதான் தொடங்க வேண்டும். மற்ற கேள்விகள் ஒரு வாரம் காத்திருக்கலாம், இது காத்திருக்காது. எழுந்து நின்றதும் ஒரு பக்கக் கை மட்டும் உதறுவது, முகம் கோணாமல் நினைவும் தப்பாமல் இருப்பது, படுத்ததும் அடங்குவது, இவை மூன்றும் சேர்ந்தால் அதை இரத்தம் போதாமல் மூளை தவிப்பதன் அடையாளமாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். பார்ப்பவர்கள் வலிப்பு என்பார்கள். வலிப்பு மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பிய வீடுகளும் உண்டு. வலிப்பு, எழுந்து நிற்பதற்காகக் காத்திருந்து வருவதில்லை. இதைப் படித்த இன்றே, ஸ்கேன் பார்த்த நரம்பியல் மருத்துவரிடம் அப்பாவை அழைத்துப் போங்கள். வரவேற்பில் 'கிறுகிறுப்பு' என்று மட்டும் சொன்னால் வரிசையில் உட்கார வைத்துவிடுவார்கள். 'கழுத்துக் குழாய் முழு அடைப்பு, எழுந்தால் கை உதறுகிறது' என்று சொல்லுங்கள்.

போவதற்கு முன் வீட்டிலேயே ஓர் அளவு எடுத்துக்கொள்ளுங்கள். அப்பாவை ஐந்து நிமிடம் படுக்க வைத்து பி.பி. பாருங்கள். எழுப்பி நிறுத்தி, ஒரு நிமிடத்தில் ஒருமுறை, மூன்றாவது நிமிடத்தில் ஒருமுறை பாருங்கள். பக்கத்தில் ஒருவர் தாங்கிப் பிடித்திருக்க வேண்டும்; கை உதறினாலோ கண் இருண்டாலோ அளவை விட்டுவிட்டு உடனே படுக்க வையுங்கள். மேல் எண் 20க்கு மேலோ, கீழ் எண் 10க்கு மேலோ இறங்கினால் அது நின்றநிலை பி.பி. வீழ்ச்சி. உட்கார வைத்து எடுத்த 106/68 என்ற ஒற்றை எண் இதைக் காட்டிக்கொடுக்காது.

சீட்டைப் பார்த்தேன். டெல்மிசார்டன் 40, அம்லோடிபின் 5, குளோர்தலிடோன் 12.5 என்ற மூன்று பி.பி. மருந்துகளும் ஒரே மாத்திரையில் காலையில். இரவில் ஆஸ்பிரின் 75, குளோபிடோக்ரெல் 75, அட்டோர்வாஸ்டேட்டின் 40. கீழே வேறொரு கையெழுத்தில் டாம்சுலோசின் 0.4. அது சிறுநீர் அடைப்புக்கு வேறு மருத்துவர் கொடுத்தது என்று நினைக்கிறேன். பி.பி. மாத்திரை என்று யாரும் கணக்கில் சேர்க்காத அது, எழுந்து நிற்கும்போது பி.பி.யைச் சரியவிடும். குளோர்தலிடோன் உடம்பிலுள்ள நீரையும் உப்பையும் வெளியேற்றும். சேலத்து வெயிலில் வியர்த்துக்கொண்டே இந்த நான்கையும் சேர்த்துச் சாப்பிட்டால் கிறுகிறுக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். எதைக் குறைப்பது, எதை இரவுக்கு மாற்றுவது என்பதை மருத்துவர் தீர்மானிக்கட்டும். ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அட்டோர்வாஸ்டேட்டின் மூன்றில் கை வைக்க வேண்டாம். ஒன்று மட்டும் கேளுங்கள்: ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் என்ற, இரத்தத் தட்டணுக்கள் ஒட்டிக் கட்டியாவதைத் தடுக்கும் இரண்டு மாத்திரைகளையும் சேர்த்துக் கொடுப்பது சிறிய பக்கவாதத்துக்குப் பின் பொதுவாக 21 நாள். அதற்குப் பிறகு ஒன்று போதும். இரண்டையும் நீட்டித்தால் இரத்தக்கசிவு ஆபத்துதான் கூடும். ஏழு வாரம் ஆகிவிட்டதால், நீட்டித்ததற்குக் காரணம் இருக்கிறதா என்று அவர் சொல்லட்டும்.

பி.பி. குறைந்தால் நல்லதுதானே, இவருக்கு மட்டும் ஏன் இப்படி என்று தோன்றும். அதைப் புரிந்துகொள்ள மூளையின் நீர்ப்பாசனத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

மூளை உடல் எடையில் ஐம்பதில் ஒரு பங்குதான். ஆனால் உடல் செலவழிக்கும் ஆக்சிஜனில் ஐந்தில் ஒரு பங்கைத் தனியாக எடுத்துக்கொள்கிறது. நிமிடத்துக்கு ஏறக்குறைய 700 மி.லி. இரத்தம் வேண்டும். அது நான்கு வாய்க்கால் வழியாக ஏறுகிறது: கழுத்தின் முன்பக்கம் இரண்டு கரோட்டிட் குழாய்கள், முதுகெலும்புக்குள் புகுந்து ஏறும் இரண்டு சின்னக் குழாய்கள். முன்பக்க இரண்டும் ஐந்தில் நான்கு பங்கைக் கொண்டுபோகின்றன. இந்த நான்கும் மூளையின் அடியில் ஒரு வளையமாகக் கூடுகின்றன. இங்கிலாந்து மருத்துவர் தாமஸ் வில்லிஸ் 1664இல் இதை விளக்கி எழுதியதால் வில்லிஸ் வளையம் என்று பெயர். ஒரு வாய்க்கால் அடைந்தால் மற்றதன் தண்ணீர் குறுக்கு மடை வழியாகத் திரும்பி வருகிற ஏற்பாடு அது.

அப்பாவின் இடது குழாய் அடைந்ததும், வலது குழாயின் இரத்தம் நெற்றிக்குப் பின்னாலுள்ள குறுக்குக் குழாய் வழியாக இடது பக்கம் பாய்ந்திருக்கும். பின்பக்கக் குழாய்களிலிருந்தும் ஓர் இணைப்பு முன்னால் வரும். இந்த இரண்டும் முதல் வரிசை; அழுத்தம் மாறிய நொடிகளிலேயே வேலை செய்யத் தொடங்கிவிடும். இவை போதாத இடத்தில் இரண்டாம் வரிசை திறக்கும். முகத்துக்குப் போகும் வெளிக் கரோட்டிட் குழாயின் கிளைகள் கண்குழிக்குள் கண் குழாயோடு சேர்கின்றன. அங்கே இரத்தம் வழக்கத்துக்கு எதிர்த்திசையில், வெளியிலிருந்து உள்ளே ஓடும். மூளையின் மேற்பரப்பில் பக்கத்துப் பாத்திகளை இணைக்கும் மயிரிழைக் குழாய்களும் மெல்ல விரியும். இவை மணிக்கணக்கில், நாள்கணக்கில் வளர்ந்து முழு வேகத்துக்கு வர வாரங்கள், மாதங்கள் ஆகும். அதிக இரத்தம் உரசிக்கொண்டு ஓட ஓட, குழாயின் சுவர் அந்த உரசலை உணர்ந்து தன்னை அகலப்படுத்திக் கட்டிக்கொள்கிறது. புதுக் குழாய் முளைப்பதைவிட, இருக்கிற ஒற்றையடிப் பாதை வண்டிப்பாதை ஆவதுதான் அதிகம் நடக்கிறது.

இந்த வளையம் எல்லோருக்கும் முழுமையாக அமைந்திருப்பதில்லை; பாதிப் பேருக்கு மேல் எங்காவது ஓர் இணைப்பு நூலாக மெலிந்தோ இல்லாமலோ இருக்கும். ஒரே 100 சதவீத அடைப்பு ஒருவரைப் படுக்கையில் தள்ளுவதும், இன்னொருவருக்கு வேறு எதற்கோ எடுத்த ஸ்கேனில் தற்செயலாகத் தெரியவருவதும் இதனால்தான். வருடக்கணக்கில் மெதுவாக அடைந்திருந்தால் மாற்றுவழிகள் முன்னமே தயாராகிவிடும். திடீர் அடைப்பு அந்த அவகாசத்தைத் தராது.

இனி பி.பி. விஷயம். அழுத்தம் கொஞ்சம் குறைந்தால் நலமான மூளையின் குழாய்கள் தாமே விரிந்து, பாய்ச்சலைக் குறையவிடாமல் சரிக்கட்டிக்கொள்ளும். அப்பாவின் இடது பக்கத்தில், மாற்றுவழியில் சுற்றி வருவதால் அழுத்தம் ஏற்கெனவே குறைவு. குழாய்கள் விரியக்கூடிய மட்டும் விரிந்தாயிற்று. இதற்குமேல் விரிய இடமில்லை. ஆகவே பி.பி. இறங்கும் அளவுக்கு இரத்தமும் அப்படியே இறங்கும். அந்த நிலையில் மூளை கடைசியாக ஒன்று செய்கிறது: வழக்கமாக வருகிற ஆக்சிஜனில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் கூடுதலாக மட்டும் எடுத்துக்கொள்ளும் திசுக்கள், கிடைக்கிற குறைந்த இரத்தத்திலிருந்து இன்னும் அதிகமாக உறிஞ்சுகின்றன. அதுவும் தீர்ந்தால், இடது மூளை ஆட்டுவிக்கும் வலது கை உதறும், நாக்கு குழறும். 100 கிராம் மூளைத் திசுவுக்கு நிமிடத்துக்கு 50 மி.லி. பாய வேண்டிய இடத்தில் 20க்குக் கீழே போனால் செல்கள் வேலையை நிறுத்தும். ஆனால் உயிரோடு இருக்கும். 10க்குக் கீழே சில நிமிடங்களில் சாகத் தொடங்கும். அப்பாவின் கை படுத்ததும் அடங்கியது என்றால் அந்த இடம் இன்னும் உயிரோடு இருக்கிறது, காப்பாற்றிவிடலாம்.

ஸ்கேனில் வந்த புள்ளிகளைப் பற்றியும் கேளுங்கள். இரண்டு பெரிய குழாய்களின் பாசனம் முடிகிற எல்லையில் அவை வரிசையாக இருந்தால், கடைமடைக்குத் தண்ணீர் எட்டவில்லை என்று பொருள். அங்கங்கே சிதறிக் கிடந்தால், அடைப்பின் நுனியிலிருந்து இரத்தக்கட்டித் துணுக்குகள் பறந்து போயிருக்கலாம். முதல் வகையில் பி.பி. கவனம் முக்கியம், இரண்டாவதில் தட்டணு மாத்திரை முக்கியம். பலருக்கு இரண்டும் கலந்திருக்கும். பாய்ச்சல் மந்தமான இடத்தில் துணுக்குகளை அடித்துக்கொண்டு போகும் வேகமும் இருப்பதில்லை.

ஆபரேஷன் கேள்விக்கு வருகிறேன். உங்கள் தெருக்காரருக்குச் செய்தது குழாயைத் திறந்து உள்ளே படிந்த கொழுப்புப் படிவத்தை உரித்தெடுப்பது. அறிகுறி வந்த 70 முதல் 99 சதவீதச் சுருக்கத்துக்கு அது நல்ல சிகிச்சை. 1991இல் வெளியான வட அமெரிக்க ஆய்வில், மாத்திரை மட்டும் எடுத்தவர்களில் 100க்கு 26 பேருக்கு இரண்டு ஆண்டுக்குள் அதே பக்கப் பக்கவாதம் வந்தது. ஆபரேஷன் செய்தவர்களில் 9 பேருக்கு. சுருங்கிய குழாயில் இரத்தம் இன்னும் ஓடுகிறது, துணுக்குகளை மேலே அனுப்பிக்கொண்டிருக்கிறது. அதனால் ஆபத்தும் அதிகம், பலனும் அதிகம். முழுக்க அடைந்துவிட்டால் இரத்தக்கட்டி கழுத்திலிருந்து மண்டையோட்டுக்குள் வரை குச்சிபோல் உறைந்து நிற்கும். கழுத்தில் திறந்தால் அதன் மேல் முனை கைக்கு எட்டாது. இழுத்தால் துண்டு உடைந்து மூளைக்குள் போகும். எத்தனை சதவீதம் என்பதைவிட ஓட்டம் இருக்கிறதா இல்லையா என்பதே முடிவைத் தீர்மானிக்கிறது. ஒரே ஒரு விஷயத்தை உறுதி செய்துகொள்ளுங்கள்: நூலிழை போல் ஓட்டம் மிச்சமிருக்கும் குழாயும், ஒலி அலையால் இரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளர் ஸ்கேனில் முழு அடைப்பாகத் தெரியலாம். குழாய்க்குள் மருந்து செலுத்திப் படமெடுக்கும் சி.டி. ஆஞ்சியோவில் சற்றுத் தாமதித்து எடுத்த படத்தையும் பார்த்தார்களா என்று கேட்டால் அந்தச் சந்தேகம் தீர்ந்துவிடும்.

பைபாஸ் செய்யலாமே என்று யாராவது சொல்வார்கள். நெற்றிப்பொட்டுத் தோலுக்கடியில் ஓடும் குழாயை மண்டையோட்டில் துளையிட்டு மூளைக் குழாயோடு இணைப்பது அது, 1967இல் தொடங்கியது. கேட்கும்போது மிகவும் நியாயமாகத் தோன்றும். ஆனால் 1985இல் ஒன்று, 2011இல் ஒன்று, 2023இல் சீனாவில் ஒன்று என மூன்று பெரிய ஆய்வுகளிலும் மாத்திரை வைத்தியத்தை அது மிஞ்சவில்லை. 2011 ஆய்வில், ஆக்சிஜன் பற்றாக்குறை நிரூபிக்கப்பட்டவர்களை மட்டும் தேர்ந்தெடுத்தும்கூட, முதல் 30 நாளில் ஆபரேஷன் பிரிவில் 100க்கு 14 பேருக்குப் பக்கவாதம், மாத்திரைப் பிரிவில் 2 பேருக்கு. இரண்டு ஆண்டு முடிவில் இரண்டு பக்கமும் ஏறக்குறைய 21, 23 என்று சமமாகிவிட்டது. பி.பி. சரிசெய்த பிறகும் உதறல் திரும்பத் திரும்ப வந்தால் மட்டும், பழகிய கைகள் உள்ள மையத்தில் அதைப் பேசலாம். உங்களை மாத்திரையோடு அனுப்பியது அலட்சியம் இல்லை. ஆனால் எழுந்து நின்றால் என்ன ஆகிறது என்று திரும்ப வரவழைத்துப் பார்த்திருக்க வேண்டும்.

எத்தனை நாளில் சரியாகும் என்றால், குழாய் திறக்காது, பாய்ச்சல் தேறும். பெரும்பாலும் முதல் சில மாதங்கள்தான் ஆபத்தான காலம்; அதற்குள் மாற்றுவழிகள் அகன்றுவிட்டால் எழுந்தால் வரும் கிறுகிறுப்பும் உதறலும் குறையும். தேறுகிறதா என்று அளக்க ஒரு சோதனை உண்டு. ட்ரான்ஸ்கிரேனியல் டாப்ளர் கருவியைப் பொட்டில் வைத்து, 30 நொடி மூச்சை அடக்கச் சொல்வார்கள். இரத்தத்தில் கரியமில வாயு கூடினால் மூளைக் குழாய்கள் விரிந்து ஓட்டம் ஏற வேண்டும். வலது பக்கம் ஏறி இடது பக்கம் அசையாமல் நின்றால் கையிருப்பு தீர்ந்திருக்கிறது. இப்போது ஒருமுறையும் நான்கு மாதம் கழித்து ஒருமுறையும் எடுத்தால் வித்தியாசம் தெரிந்துவிடும்.

அதுவரை பி.பி.யை எங்கே வைப்பது? உதறல் நிற்கும்வரை மேல் எண்ணை 130, 140 அளவில் விட்டுவைத்து, பிறகு வாரக்கணக்கில் மெல்ல இறக்குவதே எனக்குச் சரியாகப் படுகிறது. உயர்ந்தே இருக்கட்டும் என்று விட்டுவிடவும் கூடாது. 45 சதவீதம் சுருங்கிய வலது குழாயை அந்த அழுத்தம் இன்னும் கெடுக்கும். அந்த வலது குழாய்தான் இப்போது இரண்டு பக்கத்துக்கும் சோறு போடுகிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை டாப்ளர் எடுங்கள். ஆனால் இரட்டை வேலை செய்வதால் அதில் இரத்த வேகம் இயல்பாகவே கூடியிருக்கும். வேகத்தை வைத்துக் கணக்கிடும் டாப்ளர் 45ஐ 65 என்று காட்டி உங்களைப் பயமுறுத்தலாம். எண் திடீரென்று ஏறினால் சி.டி. ஆஞ்சியோவில் சரிபார்க்காமல் எந்த முடிவும் எடுக்க வேண்டாம். எல்.டி.எல். கொழுப்பு 70க்குக் கீழே வர வேண்டும். பீடி பிடிப்பவராக இருந்தால், எந்த மாத்திரையையும்விட அதை நிறுத்துவதுதான் வலது குழாயைக் காப்பாற்றும்.

வீட்டில் கவனிக்க வேண்டியவை நிறைய. எழும்போது முதலில் உட்கார்ந்து, கணுக்காலைப் பத்துத் தடவை ஆட்டி, இரண்டு நிமிடம் கழித்து நிற்கட்டும். இதயக் கோளாறோ சிறுநீரகக் கோளாறோ இல்லையென்றால் ஒரு நாளைக்கு இரண்டு முதல் இரண்டரை லிட்டர் தண்ணீர். ஒரேயடியாகக் குடிக்காமல் பிரித்துக் குடிக்கட்டும். வயிற்றுப்போக்கு, வாந்தி வந்த நாளில் பி.பி. மாத்திரையைப் பற்றி மருத்துவருக்குப் போன் செய்து கேட்காமல் கொடுக்காதீர்கள். சனிக்கிழமை எண்ணெய்க் குளியலில் கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றுவது வேண்டாம். வெந்நீர் தோலிலுள்ள குழாய்களை விரித்து பி.பி.யை இறக்கும். வெதுவெதுப்பான நீரில், முக்காலியில் உட்கார்ந்து குளிக்கட்டும். வயிறு முட்டச் சாப்பிட்டாலும் பி.பி. சரியும், மூன்று வேளையை ஐந்தாகப் பிரியுங்கள். முடிதிருத்தும் கடையில் கழுத்தைத் திருகி நெட்டி எடுப்பது இனி ஒருபோதும் கூடாது. நல்ல குழாயின் உட்சுவரையே அது கிழித்துவிடக்கூடும். கபாலபாத்தி, பஸ்திரிகா போல வேகமாக மூச்சிழுத்து விடும் பயிற்சிகளையும் நிறுத்துங்கள். வேக மூச்சு கரியமில வாயுவை வெளியேற்றும், அது குறைந்தால் மூளைக் குழாய்கள் சுருங்கும். மெதுவான மூச்சுப் பயிற்சி செய்யலாம். பல் பிடுங்கவோ கண்புரைக்கோ போகும்போது ஆஸ்பிரினை யாராவது நிறுத்தச் சொன்னால் நரம்பியல் மருத்துவரைக் கேட்காமல் நிறுத்த வேண்டாம்.

இஞ்சி பூண்டுச் சாறு அடைப்பைக் கரைக்காது. ரசத்திலும் குழம்பிலும் எவ்வளவு வேண்டுமானாலும் சேர்த்துக்கொள்ளட்டும். காய்ச்சிக் குடிக்கும் செறிவான சாறு வயிற்றைப் புண்ணாக்கலாம். தட்டணு மாத்திரை சாப்பிடுகிறவருக்கு வயிற்றுப் புண் இரத்தக்கசிவாக மாறக்கூடும்.

மலைக்குப் போகலாமா? ஏற்காடு ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரம். அங்கேயே வாழ்ந்து பழகியவருக்கு அந்த உயரத்துக் காற்றால் தொந்தரவு வராது. சித்திரை வெயிலில் சேலத்தைவிட அங்கே நீர்ச்சத்து வற்றாமல் இருப்பது நல்லதும்கூட. எனக்குள்ள தயக்கம் வேறு. பக்கவாதம் வந்தால் கட்டி கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். நாகலூரிலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி, அடிவாரம் தாண்டி ஊருக்குள் வந்து சி.டி. எடுப்பதற்குள் அதில் பெரும்பகுதி கரைந்துவிடும். உதறல் நின்று மூன்று மாதம் ஆகும்வரை உங்கள் வீட்டில் இருக்கட்டும். பிறகு போகலாம், மேஸ்திரி வேலையும் பார்க்கலாம். ஆனால் சில்வர் ஓக் மரத்தில் ஏணி சாத்தி மிளகு பறிக்க அவர் ஏறவே கூடாது; அண்ணாந்து கொண்டு ஏணியில் நிற்கும்போது ஒரு கிறுகிறுப்பு வந்தாலே போதும்.

அம்மாவுக்கும் தோட்டத்தில் உடன் இருப்பவர்களுக்கும் இதைச் சொல்லிக்கொடுங்கள். முகம் கோணினால், கை தொங்கினால், பேச்சு குழறினால் மணியைப் பார்த்துக் குறித்துவிட்டு 108ஐ அழைக்க வேண்டும். தலையணை இல்லாமல் படுக்க வைக்க வேண்டும். வாந்தி வந்தால் ஒருக்களித்து. காரில் நிமிர்த்தி உட்கார வைத்துக் கொண்டுவருவது இவருக்குக் கெடுதல். வாயில் தண்ணீர், சர்க்கரை, ஆஸ்பிரின் எதுவும் போடக்கூடாது. அந்த நேரத்தில் பி.பி. 190 காட்டினாலும் நாக்குக்கடியில் மாத்திரை வைத்து இறக்கக்கூடாது; அந்த அழுத்தத்தில்தான் மாற்றுவழி ஓடிக்கொண்டிருக்கும். வழியில் சின்ன கிளினிக்குகளில் நிறுத்தாமல், சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போல இரவு பகலாக சி.டி. எடுக்கும் இடத்துக்கு நேராக வர வேண்டும். இரண்டே நிமிடத்தில் சரியாகிவிட்டாலும் அன்றைக்கே வர வேண்டும்.

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக்கொள்ளுங்கள். காலையில் மாத்திரைக்கு முன்பும் இரவு படுக்கும் முன்பும் படுத்து எடுத்த பி.பி., நின்று எடுத்த பி.பி., அன்றைக்கு உதறலோ கிறுகிறுப்போ வந்திருந்தால் அப்போது என்ன செய்துகொண்டிருந்தார், எத்தனை நிமிடம் நீடித்தது என்று எழுதுங்கள். பிரகாசமான வெயிலில் இடது கண் மங்குகிறதா என்றும் கேட்டு எழுதுங்கள். கண்ணுக்கும் அதே குழாய்தான். எல்லா மருத்துவர்களும் கொடுத்த மாத்திரைகளையும் கடைசிப் பக்கத்தில் ஒரே பட்டியலாக எழுதி, அந்த நோட்டையும் சி.டி. படத்தையும் சேர்த்து இன்று மாலை கொண்டு போங்கள்.